வசனக் கணக்கு எந்த வரியில் பிழைக்கிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

கூட்டல், பெருக்கல், பின்னம், சமன்பாடு எல்லாம் தனித்தனியே செய்யத் தெரிந்த பிள்ளை வசனக் கணக்கில் மட்டும் தடுமாறினால், வீட்டார் வழக்கமாகச் சொல்வது “இன்னும் பத்துக் கணக்குச் செய்” என்பதே. அந்தப் பத்தும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் பிழைக்கும். கேள்வியை வாசித்து முடித்ததற்கும் கொப்பியில் முதல் வரியை எழுதுவதற்கும் இடையில்தான் பிழை நிகழ்கிறது. அதன் பின் வரும் கணிதச் செய்கை எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பிலும் விடையை அல்ல, முதல் வரியையே பரிசோதிக்கிறோம். தரம் 6 முதல் க.பொ.த. சாதாரண தரம் வரையான பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும், தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் இது உதவும்.

தொடங்குமுன் இரண்டு காரியங்கள்

முதலாவது, பிள்ளை பிழைவிட்ட இரண்டு மூன்று கணக்குகளை அழிக்காத நிலையில் எடுத்து வையுங்கள். எங்கள் பிள்ளைகளின் கையில் அழிறப்பர் எப்போதும் இருப்பதால் பிழையின் தடயம் மிச்சமிருப்பதில்லை. எனவே பரிசோதனை நாளில் பென்சிலை வாங்கி வைத்துவிட்டுப் பேனையைக் கொடுங்கள்.

இரண்டாவது, அதே கணக்கிலிருந்து வசனத்தை நீக்கிவிட்டு வெறும் எண்களைக் கொடுங்கள். 3/4 இலிருந்து 3/10 ஐக் கழிக்கவே பிள்ளைக்கு முடியவில்லை என்றால் குறை வசனத்தில் இல்லை; பின்னத்தைத் திரும்பப் படிப்பித்துவிட்டு இங்கே வாருங்கள். வெறும் எண்களைச் சரியாகச் செய்தால் மட்டும் தொடருங்கள்.

அறிகுறி: கேள்வியை வாசித்தபின் எதையும் எழுதாமல் இருத்தல்

மிக எளிய காரணம், என்ன கேட்கிறார்கள் என்பதே பிள்ளைக்குத் தெரியாமை. கேள்வியின் கடைசி வசனத்தைத் தவிர மற்றவற்றை ஒரு தாளால் மூடிவிட்டு, அதை மட்டும் வாசிக்கச் செய்து, “காண வேண்டியது: ஒரு பேனையின் விலை, ரூபாவில்” என்பதுபோல் அலகோடு எழுதச் சொல்லுங்கள். பின்னர் மேலிருந்து வாசிக்கும்போது எந்தத் தகவல் தேவை, எது தேவையில்லை என்பதைப் பிள்ளை தானே பிரிக்கத் தொடங்கும். கணிசமான பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

அதன்பிறகும் பேனை நகரவில்லை என்றால், நீங்கள் கேள்வியை உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். கேட்டவுடன் பிள்ளை செய்துவிட்டால் குறை கணிதத்தில் அல்ல, வாசிப்பில். ஆங்கில மொழிமூலத்தில் கணிதம் கற்று வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் கொழும்பில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே கணக்கைத் தமிழில் கதைபோலச் சொல்லிப் பாருங்கள். தமிழில் சொன்னால் விளங்குகிறது என்றால், செலவிட வேண்டியது கணித வகுப்புக்கு அல்ல, தினமும் ஒரு கேள்வியை வாசித்துத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லும் பயிற்சிக்கு.

வாசிக்கும்போது வரிகளைத் தாண்டுதல், 36 ஐ 63 எனப் படித்தல், தாளை முகத்துக்கு மிக அருகில் பிடித்தல் ஆகியவற்றைக் கண்டால், வேறெதற்கும் முன் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அறிகுறி: எண்களைக் கண்டதும் கூட்டியோ பெருக்கியோ விடுதல்

இப்படிச் செய்யும் பிள்ளை வசனத்தை வாசிப்பதில்லை, சொற்களைப் பொறுக்குகிறது. ‘கூடுதல்’ என்றால் கூட்டு, ‘மடங்கு’ என்றால் பெருக்கு, ‘பங்கிடு’ என்றால் வகு என்று சின்ன வகுப்பில் கற்றுக்கொடுத்த குறுக்குவழி, மேல்வகுப்பில் பிள்ளையைக் கைவிடுகிறது. “ரவியிடம் 18 முத்திரைகள் உள்ளன, இது நிலாவிடம் உள்ளதைவிட 5 கூடுதலாகும், நிலாவிடம் எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள். 23 என விடை வந்தால் நோய் அதுவே.

இன்னொரு பரிசோதனையும் உண்டு. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பற்தலைவனின் வயது என்ன? பிரான்சின் கிரனோபிள் நகரில் 1979 ஆம் ஆண்டளவில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டபோது, பெரும்பாலானோர் இரண்டு எண்களையும் வைத்து ஏதோ ஒரு வயதைக் கணித்துக் கொடுத்தனர். உங்கள் பிள்ளையும் ‘36’ என்றால் கோபிக்க வேண்டாம். கொடுத்த எல்லா எண்களையும் பயன்படுத்தினால்தான் விடை வரும் என்று பள்ளிக் கணக்குகளே அதற்குப் பழக்கியிருக்கின்றன.

திருத்தம்: கேள்வியில் உள்ள எண்களைத் தாளால் மறைத்துவிட்டு, எண்களே இல்லாமல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். “ரவியிடம் கொஞ்சம் முத்திரை, நிலாவிடம் அதைவிடக் குறைவு” என்று பிள்ளை சொல்லிவிட்டால், கழிக்க வேண்டும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்கு ரியூசன் வகுப்பு வேண்டியதில்லை. அடுக்களையில் நின்றுகொண்டே செய்யலாம்.

அறிகுறி: பின்னக் கணக்கில் விடை எப்போதும் சற்றே விலகுதல்

சாதாரண தர மாணவர்கள் புள்ளிகளை அதிகம் இழக்கும் இடங்களில் இது ஒன்று. ஆகவே இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும். கணக்கு இது: ஒருவர் தம் மாதச் சம்பளத்தின் 1/4 ஐ வீட்டு வாடகைக்கும், மீதியின் 2/5 ஐ உணவுக்கும் செலவிட்டபின் அவரிடம் ரூபா 54 000 எஞ்சுகிறது, சம்பளம் எவ்வளவு?

பிழையான கொப்பியின் முதல் வரி பெரும்பாலும் 1/4 + 2/5 = 13/20 என்றிருக்கும். எஞ்சியது 7/20 எனக் கொண்டு, 54 000 ஐ 20 ஆல் பெருக்கி 7 ஆல் வகுத்தால் 154 285.71 வரும். இப்படிச் சம்பளம் சதக்கணக்கில் இழுபடும்போதே பிள்ளை சந்தேகப்பட வேண்டும். பாடசாலைக் கணக்கில் இத்தகைய எண் வருவது அரிது.

முதற்காரணம், ‘மீதியின்’ என்ற சொல் கண்ணில் படாமை. ஒவ்வொரு பின்னத்துக்கும் முன்னால் நிற்கும் சொல்லின் கீழ் கோடிடச் சொல்லுங்கள்: ‘சம்பளத்தின்’ 1/4, ‘மீதியின்’ 2/5. இரண்டு கோடுகளும் வெவ்வேறு சொற்களின் கீழ் விழுந்தால் அந்தப் பின்னங்களை நேரடியாகக் கூட்டக்கூடாது.

கோடிட்டும் விளங்கவில்லை என்றால் படம் வரையுங்கள். ஒரு செவ்வகத்தை நிலைக்குத்தாக நான்கு நிரல்களாகப் பிரித்து, ஒரு நிரலை வாடகை என நிழற்றுங்கள். பிறகு முழுச் செவ்வகத்தையும் கிடையாக ஐந்து நிரைகளாக வெட்டுங்கள். இப்போது 20 கட்டங்கள்: வாடகை 5, மீதி 15, அந்த 15 இல் ஐந்தில் இரண்டு என்பது 6 கட்டங்கள், எஞ்சியவை 9. ஒன்பது கட்டங்கள் 54 000 என்றால் ஒரு கட்டம் 6 000, இருபது கட்டங்கள் 120 000. படத்தைப் பார்த்தபின் 3/4 × 2/5 = 3/10 என்ற வரியும், 3/4 – 3/10 = 9/20 என்ற வரியும் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைக்கே தெரியும். விடையைச் சரிபார்க்கவும் பழக்குங்கள்: 120 000 இல் வாடகை 30 000, மீதி 90 000, உணவு 36 000, எஞ்சியது 54 000.

இரண்டாவது காரணம் எழுத்து வரிசை. தமிழில் ‘ஐந்தில் இரண்டு’ என்று பகுதியெண்ணை முதலில் சொல்கிறோம். கேட்டதைக் கேட்ட வரிசையிலேயே எழுதும் பிள்ளை 5/2 என எழுதிவிடும். ஒரு பங்கு முழுமையைவிடப் பெரிதாக இருக்க முடியுமா என்ற ஒரே கேள்வியால் இதைப் பிடிக்கலாம்.

படம் வரைந்து, கோடிட்டுச் சில வாரங்கள் சென்றபின்னும் நிலைமை மாறவில்லை என்றால், பின்னம் என்பது ஏதோ ஒன்றின் பங்கு என்பதே பதியவில்லை என்று பொருள். அதைத் தரம் 5, 6 பாடத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஆசிரியரிடம் விடுங்கள். தரம் 11 வகுப்பில் அதற்கு எவருக்கும் நேரம் இராது.

அறிகுறி: சதவீதக் கணக்கில் அதே விலகல்

மூலம் ஒன்றே: 100% என்பது எதைக் குறிக்கிறது என்று பிள்ளை எழுதுவதில்லை. 18% பெறுமதி சேர் வரி உள்ளடங்கலாக ஒரு பொருளின் விலை ரூபா 5 900 எனில் வரிக்கு முந்திய விலையைக் காணச் சொல்லுங்கள். 5 900 இல் 18% எடுத்துக் கழித்து 4 838 என விடை வந்தால், “100% = வரிக்கு முந்திய விலை, 118% = 5 900” என இரண்டு வரிகளை எழுத வைத்தால் போதும்; 5 000 தானாக வரும். 2024 ஜனவரி முதல் இலங்கையில் இந்த வரி 18% என்பதால், கடைப் பற்றுச்சீட்டுகளை வைத்தே பயிற்சி செய்யலாம்.

வேற்றுமை உருபையும் கவனியுங்கள். விலை 20% ஆல் குறைந்தது என்றால் எஞ்சுவது 80%. 20% ஆகக் குறைந்தது என்றால் எஞ்சுவது 20% மட்டுமே.

அறிகுறி: சமன்பாடு தலைகீழாக அமைதல்

“ஒரு கழகத்தில் ஆண்களின் எண்ணிக்கை பெண்களின் எண்ணிக்கையின் மூன்று மடங்காகும்” என்பதை 3 × ஆண்கள் = பெண்கள் என்று எழுதுவது நன்றாகப் படிக்கும் மாணவர்களிடமும் காணப்படும் பிழை. பரிசோதனை மிகச் சுருக்கமானது. பெண்கள் 10 பேர் என வைத்தால் ஆண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பிள்ளை 30 என்று சொல்லும். அந்த இரண்டு எண்களையும் எழுதிய சமன்பாட்டில் பிரதியிடச் சொன்னால் 90 = 10 என்று வந்து நிற்கும்.

கழித்தலிலும் இதே கதைதான். “ஓர் எண்ணின் இருமடங்கை 15 இலிருந்து கழிக்க” என்பதில் ‘இலிருந்து’ ஒட்டிய எண்தான் முன்னால் வரும். அந்த உருபைச் சுற்றி ஒரு வட்டம் போடும் பழக்கம் போதும்.

அடுத்த காரணம், தெரியாக்கணியம் எதைக் குறிக்கிறது என்று எழுதாமை. ‘வடை = க’ என்று எழுதும் பிள்ளைக்கு, க என்பது வடையா, வடைகளின் எண்ணிக்கையா, விலையா என்பது பாதிவழியில் குழம்பிவிடும். ‘ஒரு வடையின் விலை ரூபா க’ என்ற முழு வசனத்தைக் கட்டாயமாக்குங்கள். பிறகு இதைக் கொடுத்துப் பாருங்கள்: 3 வடையும் 2 தேநீரும் ரூபா 310, 5 வடையும் 2 தேநீரும் ரூபா 430. ஒருங்கமை சமன்பாடாக (இரண்டு தெரியாக்கணியங்களுக்கு இரண்டு சமன்பாடுகளாக) எழுதுமுன்னே, இரண்டு வடை 120 ரூபா என்பதைப் பிள்ளை வாயால் சொல்லிவிட்டால் அட்சரகணிதத்தின் பயம் பாதி தீர்ந்தது. வடை 60, தேநீர் 65.

வயதுக் கணக்கு தனி வகை. தந்தையின் வயது இப்போது மகனின் வயதின் நான்கு மடங்கு. 6 ஆண்டுகளின் பின் மூன்று மடங்கு. 4க + 6 = 3க என்று பிள்ளை எழுதியிருந்தால், தந்தைக்கு மட்டும் வயது ஏறியிருக்கிறது. இரண்டு நிரை, இரண்டு நிரல் கொண்ட சிறு அட்டவணையில் ‘இப்போது’, ‘6 ஆண்டின் பின்’ என்று தலைப்பிட்டு நான்கு கட்டங்களையும் நிரப்பியபின்தான் சமன்பாட்டை எழுத அனுமதியுங்கள். 4க + 6 = 3(க + 6) என வந்து, மகன் 12, தந்தை 48 எனக் கிடைக்கும்.

இருபடிச் சமன்பாட்டில் பிழை வேறு வகையில் வரும். அகலத்தைவிட நீளம் 7 மீற்றர் கூடிய காணியின் பரப்பளவு 60 சதுர மீற்றர் எனில் அகலத்துக்கு 5, –12 என இரு பெறுமானங்கள் கிடைக்கும். மறை எண் நீளமாக இருக்க முடியாது என்று காரணம் காட்டி அதை நீக்காமல் விடுவது வீணான இழப்பு.

அறிகுறி: விடை நம்ப முடியாத அளவில் இருத்தல்

அலகே முதற் சந்தேகம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு புகையிரதம் 45 நிமிடம் ஓடினால் சென்ற தூரம் 27 கிலோமீற்றர் என்று எழுதியிருந்தால், பிள்ளை 45 நிமிடத்தை 0.45 மணித்தியாலம் எனக் கொண்டிருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் 60 என்றால் அரை மணித்தியாலத்திலேயே 30 ஆகிவிடுமே என்று கேளுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தண்ணீர்த் தாங்கி: நீளம் 1.2 மீற்றர், அகலம் 80 சென்ரிமீற்றர், உயரம் 50 சென்ரிமீற்றர். மூன்றையும் அப்படியே பெருக்கி 4 800 என்று எழுதுவார்கள். அலகை ஒன்றாக்கினால் 480 000 கன சென்ரிமீற்றர், அதாவது 480 லீற்றர். கொடுத்த தரவுகளை ஒரே அலகில் மீண்டும் எழுதுவதை முதல் வரியாக்குங்கள். காணியை நாம் பேர்ச்சில் பேசுவதால், ஒரு பேர்ச் ஏறக்குறைய 25.3 சதுர மீற்றர் என்பதையும் பிள்ளை தெரிந்திருப்பது நல்லது. வீட்டுக் காணி 2 530 சதுர மீற்றர் என்று விடை வந்தால் அது 100 பேர்ச், கொழும்பில் அப்படியொரு காணி யாரிடம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அலகு சரியாக இருந்தும் விடை விநோதமாக இருந்தால் நேர்மாறு விகிதசமனை, அதாவது ஒன்று குறைய மற்றது கூடும் தொடர்பைப் பாருங்கள். 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 4 பேர் 6 2/3 நாளில் முடிப்பார்கள் என்று எழுதியிருக்கும். ஆள் குறைந்தால் நாள் கூடுமா குறையுமா என்பதைக் கணக்குத் தொடங்குமுன் ‘கூடும்’ என்று ஓரத்தில் எழுதிவைத்தால், 60 மனித நாட்களை 4 ஆல் வகுத்து 15 க்கு வந்துவிடலாம்.

சாதாரண தரக் கணிதத்தில் கணிகருவிக்கு அனுமதி இல்லை. ஆகவே விடையை முன்கூட்டியே மதிப்பிடும் பழக்கம் இல்லாத பிள்ளைக்குப் பிழையைக் காட்டித்தர வேறு எதுவும் இல்லை.

அறிகுறி: செய்கை எல்லாம் சரி, ஆனால் கேட்டதற்கு விடை இல்லை

வீட்டின் ஆண்டு மதிப்பீட்டுப் பெறுமதி ரூபா 80 000, மதிப்பீட்டு வரி 10%, ஒரு காலாண்டுக்குச் செலுத்த வேண்டியது எவ்வளவு? பிள்ளை 8 000 இல் நிறுத்திவிடும். கேட்டது 2 000. இதே குடும்பத்தைச் சேர்ந்தது, 130 மாணவரை 48 இருக்கைகள் கொண்ட பேருந்துகளில் ஏற்ற 2.7 பேருந்து தேவை என்பது. முன்பு எழுதிய ‘காண வேண்டியது’ வரியோடு கடைசி வரியை ஒப்பிடச் சொன்னால் தீர்ந்துவிடும். தீராவிட்டால் அது கவனக்குறைவே. வகுப்பு மாற்ற வேண்டிய காரணம் அல்ல.

அறிகுறி: கேத்திரகணிதக் கணக்கில் படமே பிழைத்தல்

படமே வரையாமல் செய்வது முதற்காரணம். அடிமட்டத்தை எடுக்கச் சொல்வதே மருந்து. படம் சிறிதாக, கொப்பியின் மூலையில் ஒடுங்கி இருப்பது அடுத்த காரணம்.

பாதைக் கணக்கில், 20 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் உள்ள தோட்டத்தைச் சுற்றி வெளிப்புறமாக 1 மீற்றர் அகலப் பாதை அமைத்தால், பாதையின் பரப்பளவு 33 என்று எழுதும் பிள்ளை 21 × 13 எனக் கொண்டிருக்கிறது. படத்தில் பாதை இரு பக்கமும் தெரிகிறதா என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். 22 × 14 இலிருந்து 240 ஐக் கழிக்க 68 சதுர மீற்றர் வரும். ஆரைச்சிறையின் (இரண்டு ஆரைகளுக்கு இடைப்பட்ட வட்டத் துண்டின்) சுற்றளவிலும் இதே தொடுதல் உதவும்: ஆரை 7 சென்ரிமீற்றர், மையக் கோணம் 90° எனில் வில்லின் நீளம் 11, ஆனால் விளிம்பை விரலால் சுற்றிவந்தால் இரண்டு ஆரைகளும் சேர்ந்து 25.

ஏற்றக்கோணம் (மேலே பார்க்கும் கோணம்), இறக்கக்கோணம் (கீழே பார்க்கும் கோணம்) இரண்டிலும் கோணத்தைக் கிடைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். பிள்ளைகள் இறக்கக்கோணத்தைக் கோபுரத்தின் சுவரிலிருந்து குறிப்பார்கள். கண் இருக்கும் புள்ளியில் முதலில் ஒரு கிடைக் கோடு வரைந்த பின்பே கோணத்தைக் குறிக்க வேண்டும் என்று விதியாக்குங்கள். பயிற்சிக்குக் கொழும்பின் தாமரைக் கோபுரத்தை எடுக்கலாம்: உயரம் 350 மீற்றர் எனக் கொண்டு, தரையில் நிற்பவருக்கு உச்சியின் ஏற்றக்கோணம் 35° என்றால், 350 ஐ 35° இன் தாஞ்சனாகிய 0.7002 ஆல் வகுக்க அவர் அடியிலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் தொலைவில் நிற்கிறார் என்று கிடைக்கும்.

திசைகோளில் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம்) மீண்டும் ‘இலிருந்து’. துறைமுகத்திலிருந்து கப்பலின் திசைகோள் 060° என்றால் வடக்குக் கோடு துறைமுகத்தில் நிற்க வேண்டும், கப்பலில் அல்ல. கப்பலிலிருந்து துறைமுகத்தின் திசைகோளைக் கேட்டால் 240°.

படம் சரி, ஆனால் நிறுவல் நகரவில்லை என்றால் அது வசனக் கணக்கின் குறையே அல்ல. தேற்றங்கள் கைவசம் இல்லை. அதை வீட்டில் திருத்த முயல்வதைவிடப் பாடசாலை ஆசிரியரிடம் கேட்பதே விரைவானது.

அறிகுறி: வீட்டில் சரி, பரீட்சையில் பிழை

நேரம்தான் காரணமா என்று முதலில் பாருங்கள். சாதாரண தரத்தில் முதலாம் வினாத்தாளுக்கு 2 மணித்தியாலம், இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம். ஒரு கடந்தகால வினாத்தாளை மணிக்கூடு வைத்து ஒரு தடவையும், நேரக் கட்டுப்பாடின்றி ஒரு தடவையும் செய்யக் கொடுங்கள். இரண்டாவது தடவை மட்டும் சரி வந்தால் பயிற்சி போதவில்லை. இரண்டிலும் பிழைத்தால், வீட்டில் ‘சரி’ என்று நீங்கள் கண்டது உங்கள் தலையசைப்பைப் பார்த்துத் திருத்திக்கொண்ட விடையாக இருக்கலாம். பிள்ளை செய்யும்போது அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

எப்போது பிறரிடம் கொண்டுசெல்வது

மேலே சொன்ன பரிசோதனைகளைச் செய்தும் ஒரு தவணைக்குள் முதல் வரி திருந்தவில்லை என்றால் பாடசாலை ஆசிரியரைச் சந்தியுங்கள், அதற்குச் செலவில்லை. தனி வகுப்போ சிறு குழு வகுப்போ அடுத்த படி. நூற்றுக்கணக்கானோர் அமரும் மண்டப வகுப்பு, ஏற்கெனவே செய்யத் தெரிந்த பிள்ளைக்கு வேகம் கொடுக்கும். முதல் வரியில் பிழைக்கும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை என்பது என் கருத்து, ஏனெனில் அங்கே எவரும் அந்த வரியைப் பார்ப்பதில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலும் சிறிய கூட்டலுக்கு விரல் தேவைப்படுதல், முள் மணிக்கூட்டில் நேரம் சொல்ல இயலாமை, எண்களை இடம்மாற்றி எழுதுதல் ஆகியவை ஒன்றாகத் தொடர்ந்து காணப்பட்டால், இன்னொரு ரியூசனுக்குப் பணம் கட்டாதீர்கள். பிள்ளைநல வைத்தியரிடம் சொல்லி, கற்றல் இடர்ப்பாடு உள்ளதா என்ற மதிப்பீட்டுக்கு வழி கேளுங்கள். பாடசாலையில் விசேட கல்வி ஆசிரியர் இருந்தால் அவரிடமும் பேசுங்கள்.

யாரிடம் சென்றாலும், பிள்ளை பேனையால் எழுதி அழிக்காமல் வைத்த அந்தத் தாள்களையும், எந்தப் பரிசோதனையில் என்ன நடந்தது என்ற சிறு குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புள்ளி அறிக்கையைக் கொண்டுபோவதில் பெரிய பயன் இல்லை. 42 என்ற எண் எந்த வரியில் பிழை என்று சொல்லாது.